வெயிலும் கோபமும்: மரத்தில் மனித முகம் செதுக்குதல்

திருகோணமலையில் உருவங்களுக்குக் குறைவில்லை. பத்திரகாளி அம்மன் கோயிலில் வண்ணம் தீட்டிய சுதை உருவங்கள் நெருங்கி நிற்கின்றன. சந்திகளிலும் பாடசாலை முன்றல்களிலும் ஊருக்கு உழைத்த பெரியோரின் மார்பளவுச் சிலைகள் சீமெந்தில் செய்து வைக்கப்பட்டிருக்கின்றன. ஆயினும், இங்கே கடலோடும் வயலோடும் வாழ்ந்து முதிர்ந்த ஒரு சாதாரண மனிதரின் முகத்தை, அதன் சுருக்கங்களும் கோணல்களும் மனநிலையும் தெரியும்படி மரத்தில் காண்பது மிக அரிது. நான் நெடுங்காலமாக இந்த ஒரு வேலையிலேயே மனம் ஊன்றியிருக்கிறேன். அதில் எனக்குத் தெளிவான ஒன்றை இங்கே விரிவாக எழுத விரும்புகிறேன். உணர்ச்சியை மட்டும் செதுக்கினால் கிடைப்பது முகமூடி. அந்த உணர்ச்சி எதனால் வந்தது என்பதையும் சேர்த்துச் செதுக்கும்போதுதான் அது ஒருவருடைய முகமாகிறது.

நம்முடைய சிற்ப மரபில் மனித முகம் பின்னுக்கு நின்றதற்குக் காரணம் உண்டு. தெய்வத்துக்கு மூப்பு இல்லை. ஆகவே தெய்வ உருவத்தில் சுருக்கத்துக்கும் தளர்ச்சிக்கும் இடமில்லை. முகத்தின் உயரத்தை ஒரு தாலம் என்று கொண்டு, அதைப் பன்னிரண்டு அங்குலமாகப் பகுத்து, ஒன்பது தாலம் கொண்ட நவதால உருவத்துக்கு 108 அங்குலம், பத்துத் தால வகைகளில் மிக உயரமான உத்தம தசதால உருவத்துக்கு 124 அங்குலம் என்று முழு உடலையும் கணக்கிடும் முறை, காலத்தால் மாறாத ஓர் உருவத்தை அமைப்பதற்கென்றே வகுக்கப்பட்டது. 1950ஆம் ஆண்டு திருகோணமலையில் கிணறு வெட்டியபோது மண்ணுக்குள்ளிருந்து வெளிவந்த சோமாஸ்கந்தர் முதலான செப்புத் திருமேனிகளின் அழகு அந்த மாறாத தன்மையிலேயே இருக்கிறது. ஆனால் மரபுக்குள்ளேயே ஒரு பெரிய விதிவிலக்கும் இருக்கிறது. பொலனறுவையில் கிடைத்த காரைக்கால் அம்மையாரின் செப்புப் படிமத்தைப் பாருங்கள். வற்றிய உடலும் ஒட்டிய கன்னமுமாக அமர்ந்து, கையில் தாளம் ஏந்தி, அந்த அம்மையார் பாடுகிறார். உடல் முழுவதும் மூப்பும் மெலிவும் இருக்க, அவை எல்லாவற்றையும் மீறி முகத்தில் மகிழ்ச்சி நிற்கிறது. அந்த மகிழ்ச்சிக்குக் காரணம் அவர் முன்னே ஆடிக்கொண்டிருக்கும் ஒருவர் என்பது, ஆடுபவரைக் காட்டாமலே நமக்குத் தெரிகிறது. முகச் சிற்பத்தில் நான் தேடுவது இதைத்தான்.

உணர்ச்சிக்குக் காரணம் வேண்டும் என்பது நான் புதிதாகக் கண்டதும் இல்லை. தொல்காப்பியத்தின் மெய்ப்பாட்டியல் நகை, அழுகை, இளிவரல் (இழிவுணர்வு), மருட்கை (வியப்பு), அச்சம், பெருமிதம், வெகுளி, உவகை என்று எட்டு மெய்ப்பாடுகளை, அதாவது உடலில் வெளிப்படும் உணர்ச்சிகளைச் சொல்கிறது. பலரும் அந்தப் பட்டியலோடு நின்றுவிடுகிறார்கள். செதுக்குபவனுக்கு உண்மையில் பயன்படுவது அதற்கு அடுத்த பகுதியாகும். ஒவ்வொரு மெய்ப்பாடும் நான்கு காரணங்களால் பிறக்கும் என்று தொல்காப்பியர் பிரித்துக் காட்டுகிறார். அழுகை இளிவாலும் (இகழப்படுதல்) இழவாலும் அசைவாலும் (நிலை தளர்தல்) வறுமையாலும் வரும். அச்சம் அணங்கு (வருத்தும் தெய்வம்), விலங்கு, கள்வர், தம் இறை (தலைவன்) என்னும் நான்கிலிருந்து வரும். ஒரு மரக்குற்றியை முன்னால் வைத்துக்கொண்டு இதை யோசித்துப் பாருங்கள். விலங்கைக் கண்டு அஞ்சியவரின் கண் அந்த விலங்கை விட்டு அகலாது. இமைகள் விரிந்து வெள்ளை விழி தெரியும். தம் தலைவனுக்கு அஞ்சி நிற்பவரின் கண்ணோ நிலத்தைப் பார்க்கும். கழுத்து முன்னே வளையும். உதடு உள்ளே மடியும். இரண்டும் அச்சமே. இரண்டுக்கும் பொதுவான ஓர் அச்ச முகத்தை நீங்கள் செதுக்கினால், அது எவருடைய அச்சமும் ஆகாது. அழுகையிலும் இப்படித்தான். உறவை இழந்தவரின் முகம் சுருங்கித் திரளும். வறுமையில் நெடுநாள் கிடந்தவரின் முகத்தில் அழுகை எல்லாம் வடிந்து, வாயின் இரு ஓரங்களிலும் கண்ணுக்குக் கீழேயுள்ள தோலிலும் மட்டும் மிஞ்சியிருக்கும்.

இதை எனக்கு நன்றாக விளங்கவைத்தவர் உப்புவெளிப் பக்கத்தில் கரைவலை இழுத்து முதிர்ந்த ஒரு பெரியவர். அவருடைய முகத்தை நான் பூவரசில் செதுக்கினேன். வேலை நடந்துகொண்டிருந்தபோது, அவரும் என் பட்டறையில் இருந்த ஒரு பிற்பகலில், பார்க்க வந்த ஓர் இளைஞர் சிலையைச் சுற்றி வந்துவிட்டு, “ஐயா, இதில உங்களுக்கு ஆரோட கோவம்?” என்று கேட்டார். பெரியவர் சிலையைக் கொஞ்ச நேரம் பார்த்தார். “கோவமில்லைத் தம்பி, வெய்யில். விடியக் கிழக்கால பாத்து வலை இழுத்தா ஆருக்கும் இந்த முகந்தான் வரும்” என்றார். அவர் சொன்னது உடற்கூற்றின்படியும் சரியானது. புருவங்களை உள்நோக்கியும் கீழ்நோக்கியும் இழுக்கும் சிறு தசை ஒன்று இருக்கிறது. கோபத்தில் வேலை செய்வதும், கூசும் வெளிச்சத்தில் கண்ணுக்கு நிழல் கொடுப்பதற்காக வேலை செய்வதும் அதே தசைதான். ஆகவே இரு நிலைகளிலும் புருவங்களுக்கு நடுவே ஒரே மாதிரியான நெடுங்கோடுகள் விழுகின்றன. வேறுபாடு வேறிடங்களில் இருக்கிறது. வெயிலில் கன்னம் மேலேறிக் கீழ் இமையைத் தள்ளும். கண் சிறுத்துக் கீற்றாகும். மேலுதடு சற்று உயர்ந்து பல் தெரியும். கோபத்திலோ கன்னம் அசையாது. மேல் இமை இறுகி விழி முன்னே தள்ளி நிற்கும். உதடுகள் ஒன்றையொன்று அழுத்தும். மூக்கின் இரு புறமும் விரியும். அந்தப் பெரியவரின் சிலையில் நான் கன்னத்தைத்தான் அதிக நேரம் செதுக்கினேன். கிழக்குக் கரையில் விடியற்சூரியன் கடலுக்கு மேலே நேர் எதிரே நிற்கும். வாழ்நாள் முழுவதும் அந்த ஒளியைப் பார்த்து நின்றவரின் முகத்தில், நிழலில் இருக்கும்போதும் அந்த வெயில் இருக்கும்.

சுருக்கங்களைப் பற்றி ஒரு விதியைச் சொல்லிவிட வேண்டும். தசையின் நார் எந்தத் திசையில் ஓடுகிறதோ, தோலின் சுருக்கம் அதற்குக் குறுக்கே விழும். நெற்றித் தசை நெடுக்காக ஓடுகிறது. ஆகவே நெற்றிக் கோடுகள் கிடையாக இருக்கின்றன. கண்ணைச் சுற்றியுள்ள தசை வளையமாக ஓடுகிறது. ஆகவே கண்ணின் வெளி ஓரத்தில் கோடுகள் விசிறியாகப் பரவுகின்றன. இந்த விதி தெரியாமல் சுருக்கம் போடுபவர்கள் முகமெங்கும் உளியால் கீறி வைப்பார்கள்; பார்ப்பவருக்கு அது மூப்பாகத் தோன்றாது, காய்ந்த சேற்றின் வெடிப்பாகவே தோன்றும். சுருக்கம் என்பது ஒருவர் எந்தத் தசையை அதிகமாகப் பயன்படுத்தினார் என்பதன் பதிவு. 1862இல் பிரெஞ்சு மருத்துவர் டூசென் மின்சாரத்தால் முகத் தசைகளைத் தனித்தனியாக இயக்கிப் புகைப்படம் எடுத்து, மனமார்ந்த சிரிப்பில் வாயின் ஓரம் மட்டும் உயராது, கண்ணைச் சுற்றியுள்ள தசையும் இறுகும் என்று காட்டினார். அப்படியானால், நெஞ்சாரச் சிரித்து வாழ்ந்த ஒருவரைச் சிரிக்காத முகத்தோடு செதுக்கினாலும், கண்ணோரக் கோடுகள் சரியாக விழுந்தால் அவர் சிரிப்பவர் என்பது தெரிந்துவிடும். எனக்கு விருப்பமான முகங்கள் இத்தகையவை. அந்த நேரத்தில் ஓர் உணர்ச்சியும், வாழ்நாளின் வழியே வேறோர் உணர்ச்சியும் ஒரே முகத்தில் ஒன்றன்மேல் ஒன்று கிடக்கும்.

மேற்கிலே முக உணர்ச்சியை இறுதிவரை துரத்திச் சென்றவர் பிரான்ஸ் சேவர் மெஸ்ஸர்ஷ்மிட் என்னும் சிற்பி. 1736இல் பிறந்து 1783இல் இறந்த அவர், கண்ணாடி முன் நின்று தம் உடலைத் தாமே கிள்ளி, முகம் கோணுவதைப் பார்த்துப் பார்த்து, ஈய வெள்ளீயக் கலவையிலும் வெண்பளிங்கிலும் ஒரு பெருந்தொடராகத் தலைகளைச் செய்தார். அவற்றின் படங்களை நான் நெடுநேரம் பார்த்திருக்கிறேன். தசையின் அறிவு அங்கே முழுமையாக இருக்கிறது. அதற்காக அவரை வணங்குகிறேன். ஆயினும் அந்தத் தலைகளில் பல எதைக் கண்டு அப்படிக் கோணுகின்றன என்பது தெரிவதில்லை. இன்று அவற்றுக்கு வழங்கும் பெயர்களும் அவர் இறந்த பின் பிறர் இட்டவையே. பார்ப்பவர்கள் காரணம் ஒன்றைத் தாமாகவே சேர்க்க வேண்டியிருந்தது. தென்னிலங்கை அம்பலாங்கொடையில், நோய் தீர்க்கும் ஆட்டத்துக்காகச் செதுக்கும் சன்னி முகமூடிகளில் நிலைமை வேறு. அங்கே பதினெட்டுச் சன்னிகளுக்கும் பதினெட்டு முகங்கள். ஒவ்வொன்றும் ஒரு நோயைக் குறிக்கிறது. பந்த வெளிச்சத்தில், தூரத்திலிருந்து, ஆட்டத்தின் நடுவே காண்பதற்காகச் செய்யப்பட்டவை அவை. ஆகவே விழி பிதுங்கவும் நாக்கு நீளவும் வேண்டும். மேசைமேல், ஒரு முழ தூரத்தில், ஒருவர் தனியே இருந்து பார்க்கும் மார்பளவு உருவத்துக்கு அந்த மிகை ஒவ்வாது.

இனி மரத்தைப் பற்றிச் சொல்கிறேன். நம் மாவட்டக் காடுகளின் பெருமை முதிரையும் பாலையும். முதிரையின் பளபளப்புக்கு இணையில்லை. ஆனால் அது மிகக் கடினமானது, நார் மாறி மாறிப் பின்னி ஓடுவது, அதன் தூள் சிலருடைய தோலில் அரிப்பை உண்டாக்குவது. முகத்தின் நுண்மைக்கு நான் அதை எடுப்பதில்லை. காட்டு மரத்தை வெட்டுவதற்கும் ஏற்றிச் செல்வதற்கும் அனுமதிப்பத்திரம் வேண்டும் என்பதையும், 1951ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் வளவிலே நிற்கும் பலாவையும் ஈரப்பலாவையும் பெண்பனையையும்கூட அனுமதியின்றி வெட்ட முடியாது என்பதையும் இந்த வேலைக்கு வரும் இளைஞர்கள் முதலிலேயே அறிந்திருக்க வேண்டும். வேம்பு எங்கும் கிடைக்கும். பூச்சி எளிதில் அண்டாது. ஆனால் என் மனம் பூவரசிலேயே நிற்கிறது. கடற்கரை வளவுகளிலும் வேலியோரங்களிலும் வளரும் அந்த மரத்தின் வெளிறு, அதாவது பட்டையை அடுத்த பகுதி, மங்கலாக இருக்கும். உள்ளே முதிர்ந்த வைரமோ செம்மையும் கருமையும் கலந்த ஆழ்ந்த பழுப்பு. நம் மக்களின் தோல் நிறத்துக்கு இவ்வளவு அணுக்கமான மரம் வேறில்லை. அதன் இழை நெருக்கமானது. கூரிய உளிக்கு எத்திசையிலும் ஒத்துழைக்கும். இமையின் விளிம்பைத் தாள்போல மெல்லியதாக விட்டாலும் உதிராது.

மரத்தைக் காயவிடும் பொறுமை பலருக்கு இல்லை. பச்சை மரத்தில் நீர், நார்களின் உள்ளறையிலும் சுவரிலும் இருக்கிறது. உள்ளறை நீர் போகும்வரை மரம் சுருங்குவதில்லை. ஈரம் ஏறத்தாழ நூற்றுக்கு முப்பது பங்குக்குக் கீழே இறங்கிச் சுவர் நீர் போகத் தொடங்கும்போதுதான் சுருங்கும். அந்தச் சுருக்கம் வளையங்களை ஒட்டிய திசையில், நடுத்தண்டிலிருந்து வெளிநோக்கிய திசையைவிட ஏறத்தாழ இரு மடங்கு. இந்த வேறுபாட்டைத் தாங்காத முழுக்குற்றி பட்டையிலிருந்து நடுத்தண்டை நோக்கி வெடிக்கிறது. நடுத்தண்டு மூக்கின் நேரே இருந்தால், வெடிப்பு முகத்தை இரண்டாகப் பிளக்கும். எனவே குற்றியை நடுத்தண்டு வெளியே போகும்படி பிளந்து, வெட்டுமுகங்களில் மெழுகு பூசி, காற்றோடும் நிழலில் அடுக்க வேண்டும். நம் ஊரில் இன்னொரு கவனமும் தேவை. மாரிக்காலத்தில் வாடைக்காற்று கொண்டுவரும் ஈரத்தில் மரம் நீரை மீண்டும் உறிஞ்சும். ஆனி ஆடியில் கச்சான் காற்று வறண்டு வீசும்போது அதை வேகமாக இழக்கும். நான் பெரிய தலைகளின் பின்புறத்தை உள்ளே குடைந்துவிடுகிறேன். ஐரோப்பாவின் பழைய மரச் சிற்பிகளும் உருவங்களின் முதுகை இப்படியே குடைந்தார்கள். சுவர் ஒரே கனமாக இருந்தால் சுருங்கும்போது மரம் தன்னைத்தானே கிழிப்பதில்லை.

செதுக்கும் முறையில் எனக்குப் பிடித்தது மூலையிலிருந்து தொடங்குவது. சதுரக் குற்றியின் ஒரு மூலை விளிம்பை முகத்தின் நடுக்கோடாகக் கொண்டால், மூக்கு அந்த விளிம்பிலேயே அமையும். கன்னங்கள் இரு பக்கமும் இயல்பாகவே சரிந்து பின்வாங்கும். சமதளத்தில் தொடங்குபவர்களின் முகங்கள் தட்டையாக, கண்கள் ஒரே தளத்தில் ஒட்டியவையாக முடிவது இதனால் தவிர்க்கப்படுகிறது. வாய்ச்சியால் பெரும்பகுதியை நீக்கி, தலையின் உச்சிக்கும் தாடைக்கும் நடுவே கண் வரும் என்ற அளவைக் கவராயத்தால் குறித்து, பிறகு கொட்டாப்புளியும் குழிவான வாயுள்ள உளியும் எடுக்கிறேன். அளவைக் குறித்த உடனே ஆளின் வயதை நினைக்க வேண்டும். பல் போன முதியவரின் கீழ்த்தாடை மேலேறி மூக்கை நெருங்கும். உதடுகள் உள்ளே போகும். மூக்கு நுனியும் காதுமடலும் தொங்கி நீளும். இளைஞரின் அளவில் முகத்தை அமைத்துவிட்டு அதன்மேல் சுருக்கம் கீறினால் முதியவர் வரமாட்டார். எலும்பின் அளவே மாற வேண்டும்.

கோயிலில் கண் திறப்பது கடைசிச் சடங்கு. மனித உருவத்தில் நான் கண்ணைக் கடைசிக்கு விடுவதில்லை. வாயையும் கண்ணையும் மாறி மாறி, இரண்டும் ஒன்றையொன்று கேட்டுக்கொள்ளும்படி இறக்குகிறேன். மரத்தில் விழி ஒரு பெரும் சிக்கல். வெறும் உருண்டையாக விட்டால் குருட்டுக் கண்ணாகும். வட்டம் கீறினால் பொம்மைக் கண்ணாகும். பிரெஞ்சுச் சிற்பி ஊடோன், பளிங்கில் கருவிழியை ஆழமாகக் குடைந்து அதற்குள் ஒரு சிறு துண்டை மட்டும் குடையாமல் விட்டார். குடைந்த பள்ளம் நிழலால் கருக்கிறது. விட்ட துண்டு ஒளியை ஏந்திக் கண்ணின் மினுக்கமாகிறது. பூவரசின் நெருங்கிய இழையில் இது நன்றாக நிற்கும். ஜப்பானில் உங்கேய் என்னும் சிற்பியின் வழி வேறானது. நாரா நகரின் கோஃபுக்கு கோயிலுக்காக அவர் 1212ஆம் ஆண்டளவில் மரத்தில் நிறைவேற்றிய அசங்கர், வசுபந்து என்னும் இரு பௌத்த அறிஞர்களின் உருவங்களில், குடைந்த தலைக்கு உள்ளிருந்து படிகக் கண்கள் பொருத்தப்பட்டன. அவர்கள் பல நூற்றாண்டுகளுக்கு முன், வேறொரு நாட்டில் வாழ்ந்தவர்கள். உங்கேய் அவர்களைக் கண்டதே இல்லை. இருந்தும் அந்த இரு முகங்களும் வெவ்வேறு இருவருடையவை: ஒருவர் கேட்பவர், மற்றவர் சொல்லத் தயாராக இருப்பவர். நான் அறிந்த மர முகங்களில் இவற்றையே முதலில் வைப்பேன்.

வெளிச்சம் எங்கிருந்து வருகிறது என்பதை மறந்து செதுக்கக் கூடாது. ஜப்பானிய நோ நாடக முகமூடியைச் சற்று மேலே நிமிர்த்தினால் அது மலர்கிறது. கீழே தாழ்த்தினால் வாடுகிறது. மரம் மாறவில்லை, நிழல்தான் மாறுகிறது. பட்டறையில் கீழிருந்து வெளிச்சம் பட்டு நன்றாக இருந்த முகம், வீட்டுக் கூடத்தில் மேலே விளக்கு எரியும்போது சோர்ந்துபோகும். ஒரு பக்கச் சாளரத்தின் அருகே வேலை செய்து, நாளின் பல வேளைகளில் உருவத்தைத் திருப்பிப் பார்ப்பதே ஒரே வழி. கழுத்திலும் தோளிலும் இதே அளவு கவனம் தேவை. கயிறு இழுத்தவரின் ஒரு தோள் மற்றதைவிடத் தாழ்ந்து தடித்திருக்கும். தையலுக்கோ எழுத்துக்கோ குனிந்தவரின் கழுத்து முன்னே நீளும். சீமெந்துச் சிலைகள் எல்லாம் நிமிர்ந்த ஒரே தோளோடு நிற்பதால்தான், கீழே எழுதியிருக்கும் பெயரைப் படிக்காமல் ஒருவரை மற்றவரிடமிருந்து பிரித்தறிய முடிவதில்லை. முடித்த பின் வண்ணம் பூசுவதை நான் விரும்புவதில்லை. 1531இல் மறைந்த ஜெர்மானியச் சிற்பி ரீமென்ஷ்னைடர், எல்லாரும் வண்ணம் பூசிய காலத்தில், தம் உருவங்கள் சிலவற்றை மரத்தின் நிறத்திலேயே விட்டார். உதட்டின் விளிம்பும் நரம்பின் மேடும் வண்ணத்தின் உதவியின்றி நின்றன. தேன்மெழுகும் எண்ணெயும் போதும். மணற்தாளைக் கன்னத்துக்கு மட்டும் காட்டி, தலைமயிரிலும் துணியிலும் உளியின் தடத்தை அப்படியே விடுகிறேன்.

இப்போது நான் எடுத்திருப்பது இராவணனின் பத்துத் தலைகள். சிவன் கோயில்களின் கைலாச வாகனத்தில் மலையைத் தூக்கும் இராவணனைக் காண்கிறோம். சம்பந்தர் கோணமலையைப் பாடிய பதிகத்திலும், அவருடைய மற்றப் பதிகங்கள் பெரும்பாலானவற்றில் போலவே, எட்டாவது பாடலில் அவன் வருகிறான். வாகனங்களில் நான் கண்ட பத்துத் தலைகளும் பெரும்பாலும் ஒரே முகம். கதையிலோ அவன் செருக்கோடு மலையைப் பெயர்க்கிறான், விரலால் அழுத்தப்பட்டு நசுங்குகிறான், கதறுகிறான், பாடுகிறான், அருள் பெறுகிறான். எட்டு மெய்ப்பாடுகளுக்கும் அந்த ஒரு நிகழ்ச்சிக்குள்ளேயே காரணம் இருக்கிறது: தறுகண்மையால் (அஞ்சாமை) பெருமிதம், பெருமையைக் கண்டு மருட்கை, வருத்தத்தால் இளிவரல். எஞ்சிய இரு தலைகளுக்கு, தொல்காப்பியர் எட்டுக்குப் புறம்பாகச் சொல்லும் வேறு மெய்ப்பாடுகளிலிருந்து அரற்றையும் (புலம்பல்) வாழ்த்தலையும் எடுத்திருக்கிறேன். அரற்றும் வாயும் பாடி வாழ்த்தும் வாயும் ஏறக்குறைய ஒரே அளவு திறந்தவை. அரற்றும்போது புருவத்தின் உள்முனைகள் மேலேறி, கீழுதடு பக்கவாட்டில் இழுபட்டு, கழுத்து நரம்புகள் புடைக்கும். பாடும்போது புருவம் தளர்ந்து, உதடு வட்டத்தை நோக்கிக் குவிந்து, தாடை தன் எடையால் இறங்கும். பாடும் தலையை முதலில் செதுக்கப்போகிறேன். அதன் வாயை அளந்து அதே அளவில் அரற்றும் வாயைத் திறந்து, இரண்டையும் அடுத்தடுத்து வைப்பதாக எண்ணியிருக்கிறேன்.